கை நடுங்கும் முன்பே

ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்து, சிராங்கூன் சாலையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், முஸ்தஃபாவிலிருந்து பைகளோடு வருகிறவர்கள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் தாத்தாக்கள் என எல்லா வயதினரும் கடந்து போவார்கள். அவர்கள் கைகளைக் கவனியுங்கள். காலோடு சேர்ந்து கைகள் முன்னும் பின்னும் வீசும். யாரும் அதை நினைத்துச் செய்வதில்லை. எதையும் பிடித்திராத ஒரு கை மட்டும் வீசாமல், முழங்கை சற்றே மடங்கி, உடலோடு ஒட்டியே வருகிறது என்றால் அது சாதாரணமாக விட்டுவிடக்கூடிய ஒன்றன்று.

தெருவில் போகிறவரைப் பார்த்து நோயைக் கணிப்பதா என்று கேட்கலாம். இந்த நோய் யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ அவரே ஓரளவுக்கு அப்படித்தான் செய்தார். லண்டனின் ஹாக்ஸ்டன் வட்டாரத்தில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817ல் ‘நடுங்கும் வாதம்’ பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே பேரை. இருவரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவர் பிறந்த நாளான ஏப்ரல் 11, இன்று உலக பார்க்கின்சன் தினம்.

அந்த நூல் வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், பார்க்கின்சன் என்றதும் நம் மனத்தில் வருவது நடுங்கும் கைதான். தமிழிலும் அதை நடுக்குவாதம் என்றுதான் சொல்கிறோம். பெயரிலேயே நடுக்கம் இருப்பதுதான் சிக்கல். நோயாளிகளில் கணிசமானோருக்கு, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, தொடக்கத்தில் கை நடுக்கமே இருப்பதில்லை. நடுக்கம் உள்ளவர்களிலும் பலருக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூக்கிலும் வயிற்றிலும் தூக்கத்திலும் மாற்றங்கள் தொடங்கியிருக்கும். அவற்றை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூளையின் அடிப்பகுதியில் ‘கருநிறப் பொருள்’ எனப்படும் சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கையும் காலும் இலகுவாக அசைய அது வேண்டும். பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல அழிகின்றன. உடல் முடிந்தவரை சமாளிக்கிறது. நடையில், கையில் கோளாறு வெளியே தெரியும் நேரத்தில் அந்த அணுக்களில் பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். 2003ல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹைகோ பிராக் முன்வைத்த கருத்துப்படி, நோய் அந்த இடத்தில் தொடங்குவதே இல்லை. முகர்வு நரம்புப் பகுதியிலும் குடலோடு தொடர்புடைய நரம்புகளிலும் தொடங்கிப் பிறகு மூளைக்குள் ஏறுகிறது என்றார் அவர். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்துமா என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் மூக்கும் வயிறும் ஏன் முதலில் கெடுகின்றன என்பதற்கு அது ஒரு விளக்கம் தருகிறது.

‘வயசாச்சு’, ‘சர்க்கரைதான்’

சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 15,000 பேரைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2004ல் வெளியானது. 9,000 சீனர்கள், 3,000 மலாய்க்காரர்கள், 3,000 இந்தியர்கள். அந்த வயதினரில் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவில் பார்க்கின்சன் இருப்பது தெரிந்தது. மூன்று இனத்தவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘நம்மவர்களுக்கு இது அதிகம் வராது’ என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆய்வே பதில். உலக அளவில் 2019ல் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நம் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. எதற்கும் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று வயது, இன்னொன்று சர்க்கரை. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தோள்பட்டை இறுகி வலிக்கிறதா, சர்க்கரை. மலச்சிக்கலா, சர்க்கரை. எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா, சர்க்கரைக்குப் போடும் மாத்திரை. இவை பெரும்பாலும் உண்மையாகவும் இருப்பதுதான் ஆபத்து. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகுவது சாதாரணம். அதே சமயம், ஒரு பக்கத் தோள் வலியும் இறுக்கமும் பார்க்கின்சனின் முதல் அடையாளமாகவும் வரும். அப்படி வந்தவர்கள் மாதக்கணக்கில் தைலம், ஒத்தடம், ஊசி, பயிற்சி என்று அலைவது மருத்துவர்கள் அறிந்த கதை. தோள் வலியோடு அந்தப் பக்கத்துக் கை வீசாமலும் இருந்தால், சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மூக்கு, வயிறு, தூக்கம்

தாளிப்பின் வாசம் வரவேற்பறைவரை வரும் வீடு நம்முடையது. அந்த வீட்டில் ஒருவருக்கு முகர்வு உணர்வு குறைந்தால் உடனே தெரிந்துவிடும் என்று நினைப்போம். தெரியாது. அது மெல்லக் குறைவதால் உரியவருக்கே தெரிவதில்லை. ‘முன்ன மாதிரி ருசியா இல்ல’ என்று அவர் சொல்வார். சமைத்தவருக்குக் கோபம் வரும். உப்பும் காரமும் கூடும். அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வர மாட்டார். பெருங்காயம், காப்பித் தூள், மல்லிகை என்று மூன்றை வைத்துக் கண்ணை மூடச்சொல்லிக் கேட்டாலே ஓரளவு புலப்படும். சளி, சைனஸ், கொவிட் ஆகியவற்றாலும் முகர்வு போகும் என்பதால் இது மட்டும் எதையும் முடிவு செய்யாது. எரிவாயுக் கசிவை உணர முடியாது என்பதால், காரணம் எதுவானாலும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மலச்சிக்கலை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. வாழைப்பழம், கடுக்காய், வெந்நீர் என்று போய்விடும். ஹவாயியின் ஹொனலூலுவில் 6,790 ஆண்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2001ல் வெளிவந்தது. தினமும் ஒருமுறையாவது மலம் கழித்தவர்களோடு ஒப்பிட்டால், அப்படி இல்லாதவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. மலச்சிக்கல் உள்ள ஒவ்வொருவரும் பயப்பட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

மூன்றாவது அடையாளம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கனவு காணும்போது நம் தசைகள் செயலற்றுக் கிடக்கும்படி மூளை ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலிலேயே இருக்கிறோம். சிலருக்கு அந்தப் பூட்டுக் கழன்றுவிடும். கனவில் நாய் துரத்தினால் நிஜமாகவே உதைப்பார்கள். திருடனோடு சண்டை என்றால் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிமேல் குத்து விழும். காலையில் கேட்டால் நினைவிருக்காது, அல்லது கனவை மட்டும் சொல்வார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்கும் மார்க் மஹோவால்டும் 1986ல் இதைத் தனி நோயாக விவரித்தனர். 2019ல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்று, இந்தத் தூக்கக் கோளாறு சோதனையில் உறுதியான 1,280 பேரைப் பின்தொடர்ந்தது. 12 ஆண்டுகளில் அவர்களில் 73.5 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சனோ அதைச் சார்ந்த மறதி நோயோ வரும் என்று அதன் கணக்கு காட்டியது. மற்ற எந்த முன்னறிகுறிக்கும் இவ்வளவு அழுத்தம் இல்லை.

நம் வீட்டில் இது நடந்தால் என்ன செய்வோம்? ‘எதையோ பார்த்துப் பயந்துட்டாரு’ என்று கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவோம். அம்மா கட்டிலைவிட்டு வரவேற்பறை சோபாவுக்கு மாறிவிடுவார். காரணம் கேட்டால் ‘குறட்டை’ என்பார். கயிறு கட்டுவதில் தவறில்லை. அதோடு, தூங்கும்போது நடப்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் அரை மணி நேரம் பேசுவதைவிட அது அதிகம் சொல்லும்.

மணத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்காட்லந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஜாய் மில்ன் நினைவுக்கு வருகிறார். தாதியாக இருந்தவர். மயக்க மருத்துவரான தம் கணவரின் உடல் மணம் மாறிவிட்டதை உணர்ந்து, சரியாகக் குளிப்பதில்லை என்று சண்டையும் போட்டிருக்கிறார். அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, 45 வயதில், கணவருக்குப் பார்க்கின்சன் உறுதியானது. நோயாளிகள் கூடும் ஓர் அறைக்குள் நுழைந்தபோது அதே மணம் அங்கே எல்லாரிடமும் வீசியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 12 பேர் அணிந்த சட்டைகளை முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் சேர்த்துச் சொன்னதால் ஒன்று தவறு என்று எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த ஏழாமவரே தமக்குப் பார்க்கின்சன் வந்திருப்பதாக ஆய்வாளர்களிடம் தெரிவித்தார். தோலின் எண்ணெய்ப் பசையில் ஏற்படும் வேதி மாற்றங்களை வைத்து நோயைக் கண்டறிய முடியுமா என்று மான்செஸ்டரில் ஆராய்வதற்கு அந்த மூக்கே காரணம்.

கோபமில்லாத முகம்

அப்பா சிரிப்பதில்லை. பேரன் மதிப்பெண் காட்டினாலும் முகத்தில் மாற்றமில்லை. மருமகள் தன்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொள்கிறார். பார்க்கின்சன் முகத் தசைகளையும் இறுக்கும். கண் சிமிட்டுவது குறையும். உள்ளே மகிழ்ச்சி இருக்கும், வெளியே முகமூடி போட்டதுபோல் இருக்கும். குடும்பத்தில் இந்த நோய் ஏற்படுத்தும் காயங்களில் இது பெரியது என்று நினைக்கிறேன். நோயின் பெயர் தெரியும்வரை அது குணக்கேடாகவே எண்ணப்படும்.

குரலும் அப்படித்தான். பேச்சு மெலியும், ஒரே தொனியில் போகும். பேசுகிறவருக்குத் தம் குரல் வழக்கம்போலவே கேட்கும். ‘சத்தமாப் பேசுங்க’ என்று நாம் சொல்ல, ‘உனக்குத்தான் காது கேக்கல’ என்று அவர் சொல்ல, தொலைபேசியில் பேசுவதையே ஒருநாள் நிறுத்திவிடுவார். கோயில் தேவாரக் குழுவில் முன்வரிசையில் பாடியவர் பின்வரிசைக்குப் போவார். குரலை உரக்க எழுப்பப் பயிற்சி தரும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரையே தாங்கியிருக்கிறது.

கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். மளிகைப் பட்டியலில் ‘துவரம்பருப்பு’ பெரிதாகத் தொடங்கி, கடைசி வரியில் ‘கொத்தமல்லி’ எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். இப்போது யார் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். பழைய தீபாவளி வாழ்த்து அட்டைகளையும் வங்கிக் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனச்சோர்வும் காரணமில்லாத பதற்றமும் நடுக்கத்துக்கு முன்பே வரக்கூடும். ஓய்வுபெற்றதால், துணையை இழந்ததால், பிள்ளைகள் தனி வீட்டுக்குப் போனதால் என்று காரணங்கள் எப்போதும் கிடைக்கும். உண்மையில் அது மூளை வேதியியலின் மாற்றமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

நடுங்கும் கையெல்லாம் பார்க்கின்சன் அல்ல

இதையும் சொல்லியாக வேண்டும். காப்பிக் குவளையைத் தூக்கும்போதோ கையெழுத்துப் போடும்போதோ மட்டும் நடுங்கும் கை பெரும்பாலும் வேறு வகை. அது குடும்பத்தில் பரம்பரையாகவும் வரும். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், உருத்திராட்ச மணியை விரல்களுக்கிடையே உருட்டுவதுபோல. ஒரு பக்கத்தில் தொடங்கும். எதையாவது எடுக்கப் போனால் குறையும்.

சில மருந்துகளே பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் தரப்படும் ஃபுளுனரிசின் ஆகியவை அந்த வகை. ஊருக்குப் போய்வரும்போது அம்மா பெட்டியில் ஆறு மாதத்துக்கு வாங்கிவரும் மாத்திரைகளில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அந்த நிலை மெல்ல விலகும்.

நோயை நிறுத்தவோ மெதுவாக்கவோ உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. பிறகு சீக்கிரம் தெரிந்து என்ன பயன் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இருக்கும் மருந்துகள் நோய்க்குறிகளை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. தொடர் உடற்பயிற்சி நடையையும் சமநிலையையும் காக்கிறது. தேவையில்லாத தோள் சிகிச்சையும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் தவிர்க்கப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. நரம்பியல் மருத்துவர் நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லி, கையை வளைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பலதுறை மருந்தகத்தில் சொன்னால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். ஃபேரர் பார்க்கிலிருந்து அதிகத் தூரமில்லாத நொவீனாவில், டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் கழகம் இயங்குகிறது. 1996ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் பார்க்கின்சன் சங்கம் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பராமரிப்பாளர்களுக்கான ஆதரவு ஆகியவற்றை வழங்குகிறது.

மருந்து தொடங்கிய பிறகும் மறைந்திருக்கும் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் வாய்திறக்காதது. பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைத் தூண்டும். வாழ்நாளில் சூதாடாதவர் ஃபோர்-டி வரிசையில் தினமும் நிற்பார். தேவையில்லாததை வாங்கிக் குவிப்பார். பாலியல் ஆசை திடீரென அதிகரிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு இத்தகைய உந்துதல் இருந்தது. ‘இந்த வயசுல புத்தி இப்படிப் போகுதே’ என்று தலைகுனிவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றினால் அல்லது குறைத்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து.

நாட்டு மருந்து பற்றியும் கேள்வி வரும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. பார்க்கின்சனுக்கு இன்றும் முதன்மையான மருந்து அதே பொருள்தான். அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937ல் ஆய்விதழில் எழுதியவர்கள் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும். அது நோய்க்கு மருந்தாகும் என்று உலகம் தெரிந்துகொள்ள இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. ஆனால் கடையில் வாங்கும் பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மருத்துவர் தரும் மாத்திரையோடு இதையும் சேர்த்தால் அளவு கூடிப்போகும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தேநீர்ப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 63,257 சீனர்களைக் கொண்ட சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்புக் குறைவாக இருந்தது. பச்சைத் தேநீரில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு இருப்பதாலேயே தேநீர் நோயைத் தடுக்கிறது என்றாகாது. குடிக்கிற தே ஓவைக் குற்ற உணர்வில்லாமல் குடிக்கலாம், அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கியவர்கள் வீட்டுச் சமையலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரதம் செரிக்கும்போது லெவோடோபா குடலில் உறிஞ்சப்படுவதில் போட்டி ஏற்படும். பருப்பு சாம்பார், முட்டை, மீன், தயிர் என்று நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் சிலருக்கு அது வேலை செய்யாததுபோல் தெரியும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ போடச் சொல்வது அதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வீட்டில் இல்லப் பணிப்பெண் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார் என்றால், நேரத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எல்லாருக்கும் மருந்து தரும் நேரமும் உங்கள் அப்பாவின் மாத்திரை நேரமும் ஒன்றாக இருக்காது.